கேசு இல்லாத ஆளு

தவராசாவைப் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகவில்லை. அவனாகவேதான் போனான். இதை முதலில் சொல்லியாக வேண்டும். பிறகு ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். பதுங்கியிருந்தவனைச் சுற்றி வளைத்தார்களாம், கரும்புக் கொல்லைக்குள் ஓடினானாம், மடியில் ஏதோ வைத்திருந்தானாம். ஒன்றும் இல்லை. 1991 ஜூன் மாதத்தில் ஒரு காலை, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த தன் வீட்டிலிருந்து கிளம்பி ஸ்டேஷனுக்குப் போனான். அதற்கு முந்தைய மாதம்தான் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்திருந்தது. முகாமுக்கு வெளியே தங்கியிருக்கும் இலங்கை அகதிகள் பக்கத்துக் காவல் நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். சொன்னதைச் செய்யப் போனான். அவ்வளவுதான்.

அவன் மனைவி கொளஞ்சியம்மாள் சாயங்காலம் களை வெட்டிவிட்டு வீடு திரும்பினாள். அவன் வந்திருக்கவில்லை. இரண்டு வயது மகள் தனுஷாவைப் பக்கத்து வீட்டிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு, "விசாரணைம்மா, காலையில வா" என்றார். காலையில் போனாள். "சாயங்காலம் வா" என்றார். இப்படியே அலையவிட்டு, கடைசியில் இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, அவனை வேறு மாவட்டத்தில் இருக்கும் சிறப்பு முகாமுக்கு அனுப்பியாயிற்று என்றார்.

"இன்னா கேசு சார்?"

"கேசெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"கேசு இல்லன்னா வுட்ருங்க."

"கேசு இருந்தாத்தான் ஜாமீன் கேக்க முடியும். இவன் வெளிநாட்டான். இவன வெச்சிருக்க கேசே வேணாம்."

"எத்தினி நாளைக்கு?"

"அது மேல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவளுக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூட கொளஞ்சி திருப்பித் திட்டியிருப்பாள். குற்றம் செய்தவனுக்கு ஜாமீன் உண்டு, செய்யாதவனுக்குக் கிடையாது என்பதை ஒரு மனிதர் இத்தனை சாதாரணமாகச் சொல்ல முடியும் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கொளஞ்சி கூலிக்காரக் குடும்பத்துப் பெண். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பருவத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டிக் கட்டு கட்டுவாள். மற்ற நாளில் நடவு, களை. கூலியைக் கம்மி பண்ணிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போகிற ரகமில்லை. வரப்பிலேயே நின்று சத்தம் போட்டு வாங்குவாள். அந்தக் கரும்பு வெட்டும் கும்பலில்தான் தவராசா வந்து சேர்ந்தான். ஊர் வவுனியாப் பக்கம். எண்பத்தைந்தில் படகேறி வந்து, கள்ளக்குறிச்சிப் பக்கத்து அகதி முகாமில் இருந்தான். அப்போதெல்லாம் முகாமிலிருந்து வேலைக்குப் போய்வருவதை யாரும் தடுக்கவில்லை. கரும்பு வெட்ட அவனுக்குக் கை வரவில்லை. ஆனால் பாரத்தோடு வழியில் நின்றுபோன டிராக்டரைக் கிளப்பிக் கொடுத்தான். அதிலிருந்து பம்புசெட், டீசல் என்ஜின் என்று எது நின்றாலும் "அந்த சிலோன்காரனக் கூப்புடு" என்றார்கள்.

எண்பத்தேழு செப்டம்பரில் அவர்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. கொளஞ்சியின் அண்ணன் ராசு சாதிச் சங்கத்தில் முன்னால் நின்றவன். சாலையோரத்துப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டவர்களில் அவனும் ஒருவன். அதை அவன் என்றைக்கும் மறைத்ததில்லை. துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்ததைப் பற்றிப் பேசுவான். அதே வாரம் பல ஊர்களில் காலனிக் குடிசைகள் எரிந்ததைப் பற்றி மட்டும் பேச மாட்டான். போலீஸ் அவனை அள்ளிக்கொண்டு போய் அடித்தது. மறுநாள் கோர்ட்டில் நிறுத்தியது. கொளஞ்சியும் அம்மாவும் அங்கே போனபோது தவராசாவும் துணைக்கு வந்திருந்தான்.

மாஜிஸ்ட்ரேட் ராசுவிடம், "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்டார். ராசு சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். அவர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார். அதற்கும் மேலே ஒன்றும் நடந்துவிடவில்லை, ராசு கடலூர் ஜெயிலுக்குத்தான் போனான். சில வாரத்தில் ஜாமீனில் வந்தான். ஆனால் தவராசா கோர்ட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

"கேக்கிறார், கொளஞ்சி! பொலிஸ் பக்கத்திலை நிக்கேக்கையே கேக்கிறார்!" என்றான். இலங்கையில் அவன் தம்பியை ராணுவம் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போனது. எந்த இடத்துக்கு என்று கேட்கப் போன அப்பாவும் திரும்பவில்லை. பிடித்தவனைக் கொண்டுவந்து ஒரு மனிதருக்கு முன்னால் நிறுத்தியாக வேண்டும், அவர் அடித்தார்களா என்று கேட்பார் என்பது அவனுக்கு நம்ப முடியாத விஷயம். பஸ்ஸில் திரும்பும்போது அதையே பேசிக்கொண்டு வந்தான். கொளஞ்சிக்கு அவன் மேல் பிரியம் விழுந்தது அந்தப் பஸ்ஸில்தான். அடுத்த வருஷம் ஊர்க் கோயிலில் தாலி கட்டினான். ராசுதான் முன்னால் நின்று நடத்தி வைத்தான்.

அந்த நம்பிக்கையோடுதான் அவன் ஸ்டேஷனுக்குப் போனது. போவதற்கு முந்தின நாள் ராசு வந்து, "மாப்ள, கொஞ்ச நாளு வெள்ளிமலைக்குப் போயிரு. மேல நமக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. சூடு அடங்கட்டும்" என்று சொல்லிப் பார்த்தான்.

"நான் ஒரு பிழையும் செய்யேல்லை மச்சான். பதியச் சொன்னவை, பதியிறன். ஒளிச்சாத்தான் சந்தேகம் வரும்" என்றான் தவராசா.

ஒளிந்திருந்தால் தப்பியிருப்பான். சட்டத்தை மதித்துப் போனவன் மாட்டிக்கொண்டான். இந்தக் கணக்கை யாரிடம் போய்க் கேட்பது?

கொளஞ்சி முதலில் அண்ணனிடம்தான் கேட்டாள். சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போய் அதிகாரிகளைப் பார்க்கலாம் என்றாள். ராசு தலையைக் குனிந்துகொண்டான்.

"இது தேச விஷயம் கொளஞ்சி. நம்ம விஷயம் மாதிரி இல்ல. வாயத் தொறந்தா நம்மளயும் சேத்து எழுதிடுவாங்க."

"ண்ணா, நீ மரம் வெட்டுன. நான் தப்புன்னு சொல்லல. வெட்டுன. உன்ன மறுநாளே இட்டாந்து நிறுத்தி, அடிச்சாங்களான்னு கேட்டாங்க. இந்த மனுசன் இன்னாத்த வெட்டுச்சி? அத ஏன் ஒருத்தரும் கேக்க மாட்டேன்றீங்க?"

"நான் இந்த ஊர்க்காரன்டீ."

"அப்ப அந்த மனுசன்? பொண்ணு குடுத்தப்ப ஊர்க்காரனா இருந்துச்சி, இப்ப இல்லையா?"

ராசு எழுந்து போய்விட்டான். ஊரும் அப்படித்தான் இருந்தது. யார் வீட்டுப் பம்புசெட்டையெல்லாம் தவராசா தண்ணீரில் நின்று சரி பண்ணிக் கொடுத்தானோ அவர்கள் கொளஞ்சியை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். தெய்வசிகாமணி என்ற நிலக்காரர் மட்டும் நேரிலேயே சொன்னார். "உன்ன வேலைக்கு வெச்சா கியூ பிராஞ்சு போலீசு என் கொல்லைக்கு வரும்மா. எனக்கு எதுக்கு வம்பு?" ஒருவருக்கும் தவராசா மேல் சந்தேகம் இல்லை என்பதுதான் இதில் கேவலம். அவன் எப்படிப்பட்டவன் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டார்கள்.

கள்ளக்குறிச்சியில் பொன்னுரங்கம் என்று ஒரு வக்கீல். மறியல் கேசில் பிடிபட்டவர்களுக்குப் பணம் வாங்காமல் வாதாடியவர். கொளஞ்சி குழந்தையோடு அவருடைய ஆபீசுக்குப் போனாள். அவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், எல்லாவற்றையும் கேட்டார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேரம் சரியில்லம்மா. எவ்ளோ பெரிய தலைவர கொன்னுட்டாங்க. நாடே கொதிச்சிகினு இருக்குது."

"கொதிக்கட்டுங்க. கொன்னவங்களப் புடிச்சி தூக்குல போடட்டும், நான் வாணாம்னா சொன்னேன்? நாடு கொதிக்குதுன்னா அடுப்புக்கு எம் புருசன்தான் வெறகா?"

"நான் எடுத்தா என் வூட்டு மேல கல்லு வுழும்."

"எங்கண்ணனுக்கு எடுத்தப்போ வுழலியா?"

"அப்ப எம் பின்னால ஆயிரம் பேரு நின்னாங்க."

அந்த ஒரு பதிலில் எல்லாம் இருந்தது. கொளஞ்சி எழுந்திருக்கவில்லை. வழக்குக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். குழந்தை அழுதது, அங்கேயே பால் கொடுத்தாள். மத்தியானம் கோர்ட்டுக்குப் போய்த் திரும்பிய பொன்னுரங்கம் அவள் அங்கேயே இருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, அலமாரியிலிருந்து அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்தார்.

"இதப் பாரு. பேசறதுக்கு, கூட்டம் கூடறதுக்கு, புடிச்ச ஊர்ல தங்கறதுக்கு உரிமை இருக்குதுன்ற எடத்துல குடிமக்கள்னு எழுதிக்குது. அதுல உன் வூட்டுக்காரரு வர மாட்டாரு. ஆனா உயிரு, சுதந்திரம்னு வர எடத்துல குடிமகன்னு போடல. எந்த ஆளுன்னுதான் போட்டுக்குது. எமர்ஜென்சியே வந்தாலும் இதத் தூக்க முடியாது. இப்ப அதுகூட வரல."

"ஆளுன்னா?"

"ஆளுன்னா ஆளுதான். எந்த நாட்டு ஆளா இருந்தாலும்."

"எழுதிக்குதில்ல? அப்பறம் இன்னாத்துக்கு யோசிக்கிறீங்க?"

"எழுதியிருக்கறது இருக்குது. இது எந்த வருஷம்னும் ஒண்ணு இருக்குதே."

"வருசத்துக்கு வருசம் மாறும்னா அத இன்னாத்துக்கு அச்சடிச்சி வெச்சிருக்கீங்க?"

பொன்னுரங்கம் புத்தகத்தை மூடி வைத்தார். ஆனால் அந்த வாரமே சென்னையில் தனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் மூலம் ஆட்கொணர்வு மனுப் போட ஏற்பாடு செய்தார்.

மனு கிடப்பில் கிடந்தது. வாய்தா மேல் வாய்தா. கீழே வேலை கிடைக்காததால் கொளஞ்சி குழந்தையோடு மலை ஏறினாள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் காசியம்மாள் என்ற மலைக்காரப் பெண்ணின் கொல்லையில் சாமை அறுப்பு. காசியம்மாள் ஒன்றும் விசாரிக்கவில்லை. கொளஞ்சியே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தபோது, "ஆளக் கொண்டுபோய் வெச்சிட்டு ஏன்னு சொல்ல மாட்டானா? நல்லா இருக்குதே!" என்று சொல்லி, அறுத்த கதிரை ஓங்கிக் களத்தில் போட்டாள். ஊரில் அத்தனை பேருக்கும் வராத கோபம் அவளுக்கு வந்தது. அந்தப் பருவம் முழுக்க அங்கேதான் சாப்பாடு, படுக்கை. கையில் கொஞ்சம் சேர்ந்ததும் கொளஞ்சி புருஷனைப் பார்க்கப் போனாள்.

சிறப்பு முகாம் என்று சொன்னார்களே, அது பழைய ஜெயில். உயரமான சுவர், மேலே கம்பி, வாசலில் துப்பாக்கி. பார்க்க அனுமதி வாங்குவதற்கே ஒரு பகல் போயிற்று. கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவனைத் தனுஷாவுக்கு அடையாளம் தெரியவில்லை. தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கை நீட்டிய தவராசா கையை மடக்கிக்கொண்டான்.

"கேட்டாங்களா, எதுனா?" என்றாள் கொளஞ்சி.

"வந்த புதுசிலை கேட்டவை. யாரைத் தெரியும், எங்கை இருந்தனி எண்டு. பிறகு ஒருத்தரும் வாறேல்லை. உள்ளுக்கை ஒரு கண் தெரியாதவர் இருக்கிறார், கொளஞ்சி. ஒரு கால் இல்லாதவனும் இருக்கிறான். அவங்களையும் அப்பிடித்தான் வச்சிருக்கினம்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "திரும்பி ஊருக்குப் போறன் எண்டு சொன்னால் விடுவினமாம். கப்பல் விடப்போகினமாம். நீங்களாவது நிம்மதியா இருப்பீங்கள்..." என்றான்.

"அங்க சண்ட நடக்கல?"

அவன் குழந்தையின் முதுகைப் பார்த்தான்.

"ஒங்கப்பா எங்க? ஒந்தம்பி எங்க? அங்கயே போறியா? யோவ், ஒன் வாயாலயே போறேன்னு சொல்ல வெக்கறதுக்குத்தான்யா இந்தப் பூட்டு! சொல்லாத. செத்தாலும் சொல்லாத."

காவலர் வந்து சத்தம் போடாதே என்றார். "சத்தம் போட்டதுக்குக் கேசு போடுங்க. எனக்காவது ஒரு கேசு கெடைக்கட்டும்" என்றாள்.

மறுவருஷம் தொடக்கத்தில் மனு விசாரணைக்கு வந்தது. பொன்னுரங்கத்தோடு சென்னைக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றாள். எல்லாம் இங்கிலீஷ். 'பாரினர்', 'செக்யூரிட்டி' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன. அரசாங்க வக்கீல் பேசும்போது நீதிபதி குறுக்கிட்டு ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று பொன்னுரங்கம் காதோடு சொன்னார். "அவர் மேல என்ன குத்தச்சாட்டுன்னு கேக்கறாரு." கொளஞ்சி எக்கி நீதிபதியைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார்! அரசாங்க வக்கீல் சொன்ன பதில் நீளமாக இருந்தது. சாரம் இவ்வளவுதான்: குற்றம் இல்லை, சந்தேகம். என்ன சந்தேகம் என்று சொல்வதும் நாட்டின் பாதுகாப்புக்கு நல்லதல்ல.

தீர்ப்பு பாதகமாக வந்தது. வெளிநாட்டவரை எந்த இடத்தில் இருக்கச் சொல்வது என்பது அரசின் அதிகாரம். முகாமில் இருக்கச் சொல்வது சிறையில் அடைப்பது ஆகாது. ஆனாலும் மனைவி கொடுக்கும் விண்ணப்பத்தை அரசு பரிவோடு பார்க்கலாம். பொன்னுரங்கம் தாழ்வாரத்தில் நின்று இதைத் தமிழில் சொன்னார்.

"செறை இல்லையா?" என்றாள் கொளஞ்சி. "செறை இல்லன்னா கதவ எதுக்குப் பூட்டி வெச்சிருக்காங்க? நான் போய்த் தெறக்கட்டுமா?"

கறுப்புக் கோட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னுரங்கம் அவளை அடக்கவில்லை. அவர் கண்ணும் சிவந்திருந்தது. ஊர் திரும்பியதும் விண்ணப்பத்தை அவரே எழுதினார். ஒன்று அல்ல, பதில் வரும்வரை எழுதிக்கொண்டேயிருந்தார். அவர் வீட்டு மேல் கல் விழத்தான் செய்தது. ஒரு ஜன்னல் உடைந்தது. அதற்குப் பிறகு அவருக்குப் பயம் விட்டுப்போயிற்று.

மழைக்காலத்துக்கு முன் தவராசாவை வெளியே விட்டார்கள். வெளியே என்றால் வீட்டுக்கு அல்ல. கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பழைய அகதி முகாமுக்கு. அங்கிருந்து அனுமதி இல்லாமல் எங்கேயும் போகக் கூடாது, சாயங்காலம் ஆஜர் கொடுக்க வேண்டும். ஏன் பிடித்தார்கள் என்று சொல்லாததுபோலவே ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கொளஞ்சி ஒருநாள் யோசித்தாள். மறுநாள் பாத்திரம் பண்டங்களைக் கட்டினாள். மூட்டையைத் தூக்க ராசு வந்து நின்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, பேசவும் இல்லை. முகாம் வரைக்கும் அவன் மூட்டையோடு பின்னால் வந்தான்.

முகாமைப் பார்த்துக்கொண்ட ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அவளை வாசலிலேயே நிறுத்தினார்.

"நீ இந்தியாக்காரி. இங்க தங்கக் கூடாது."

"எங்க வூட்ல அவரு தங்கக் கூடாது. இங்க நான் தங்கக் கூடாது. அப்ப நாங்க எங்கதான் குடும்பம் நடத்தறது சார்? ரோட்லயா?"

"ரூல்ஸ் அப்பிடிம்மா."

"குடிமக்களுக்குப் புடிச்ச ஊர்ல தங்கற உரிமை இருக்குதுன்னு வக்கீலய்யா புஸ்தகத்துல காட்டினாரு. நான் குடிமகதான? இந்த ஊரு எனக்குப் புடிச்சிருக்குது."

சொல்லிக்கொண்டே கொளஞ்சி உள்ளே போய்விட்டாள். தார் ஷீட் போட்ட பத்தடி அறை. முன்வாசலில் சாக்கடை. மூட்டையை இறக்கிவிட்டு ராசு கூரையைப் பார்த்தான், வெளியே போய் இரண்டு கழி வெட்டிக்கொண்டு வந்து முட்டுக் கொடுத்தான். "மாப்ள, மழைக்கு முன்னால இன்னும் கொஞ்சம் ஷீட்டு எடுத்தாறேன்" என்று மட்டும் சொன்னான். தவராசா அவன் தோளில் கை வைத்தான். கொளஞ்சிக்கு அண்ணன் மேல் கோபம் அப்போதும் தணியவில்லை. அது தணிய இன்னும் சில வருஷம் ஆயிற்று.

முகாமிலிருந்து அவளை வெளியேற்ற அதன்பிறகு மூன்று அதிகாரிகள் முயன்று பார்த்தார்கள். முடியவில்லை. காலையில் அவள் கூலி வேலைக்கு வெளியே போவாள், அவன் போக முடியாது. சாயங்காலம் ஆஜர் எடுக்கும்போது ஆண்களெல்லாம் வரிசையில் நிற்பார்கள். போலீஸ்காரர் பெயரைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகக் கை தூக்குவார்கள். கொளஞ்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து புருஷனுக்குப் பக்கத்தில் நிற்பாள்.

"நீ எதுக்கும்மா? உன் பேரு இதுல இல்ல" என்றார் ஒரு புதுப் போலீஸ்காரர்.

"கேசு இல்லாத எம் புருசன் பேரு இருக்குதில்ல? அது எப்பிடி வந்துச்சின்னு சொல்லு, நான் உள்ள போறேன்."

அவருக்குத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் தெரியவில்லை. கொளஞ்சி விடாமல் ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.